பதினாலாம் மாடிப் படி

மேற்குத் தாம்பரத்தில் உட்கார்ந்துகொண்டு ஒரு பெண்பிள்ளை, துபாயில் இருக்கிற இருபத்திரண்டு மாடிக் கட்டடத்தைப் பதிமூன்று நாள் அசையவிடாமல் பிடித்து வைத்திருந்தாள் என்று சொன்னால் யாரும் நம்புவதில்லை. நம்பாதவர்கள் முடிச்சூர் ரோட்டில் விசாரித்துக்கொள்ளலாம். அந்த ரோட்டில் பொய் சொல்கிறவர்கள் கிடையாது. ஷேர் ஆட்டோக்காரர்கள் மட்டும் சொல்வார்கள். அவர்களும் ‘இன்னும் ஒரே ஆள், கெளம்பிடலாம்’ என்ற ஒரு விஷயத்தில்தான்.

அவள் பெயர் ஹஃபீசா. அப்போது நாற்பது வயது. வைத்தீஸ்வரன் என்ற ஆர்க்கிடெக்டிடம் பதினாறு வருஷமாக டிராஃப்ட்ஸ்மேன். பெண்ணாக இருந்தாலும் சம்பளச் சீட்டில் அப்படித்தான் போட்டிருந்தது. அவளும் திருத்தச் சொல்லவில்லை. ஆபீஸ் ஓர் இனிப்புக்கடைக்கு மேல் மாடியில் இருந்தது. காலை பத்து மணிக்குக் கீழே மைசூர்பாகு கிண்ட ஆரம்பித்தால், மேலே பிளான் காகிதமெல்லாம் நெய் வாசனை பிடித்துவிடும். வீட்டு பிளான் வாங்கிப் போனவர்கள் எறும்புக்குப் பயந்து அதை உத்தரத்தில் கட்டித் தொங்கவிட்டார்கள். கீழ்க்கட்டளைக்காரர் ஒருவர் வீட்டில் எறும்பு அரித்த இடத்தையெல்லாம் ஜன்னல் என்று நினைத்துக் கொத்தனார் கட்டிவிட்டதாகவும், அந்த வீடு நல்ல காற்றோட்டமாக இருப்பதாகவும் சொல்வார்கள்.

ஹஃபீசா வேலைக்குச் சேர்ந்த நாளில் அடுத்த பலகையில் நின்று வரைந்துகொண்டிருந்தவர் முதாசிர். இரண்டு பலகைக்கும் நடுவே ஒன்றரை அடி. அதைக் கடக்க அவருக்கு மூன்று வருஷம் ஆயிற்று. பிறகு நிக்காஹ். பிள்ளை இல்லை. முடிச்சூரில் கங்கையம்மாள் என்பவர் நெல் போட்டுக்கொண்டிருந்த நிலம் மனைகளானபோது அரை கிரவுண்டு வாங்கிக் கீழ்த்தளம் மட்டும் கட்டினார்கள். மேல்மாடிக்காகத் தூண் கம்பிகளை நீட்டி விட்டு, அந்த மாடிக்காகவே முதாசிர் துபாய் போனார். அது இரண்டாயிரத்து மூன்று. கம்பிகள் துருப்பிடிக்கும் அளவுக்கு வருஷங்கள் போயின. மாடி மட்டும் ஏறவில்லை.

கங்கையம்மாள் நிலத்தை விற்றாரே தவிர, வரப்பை விற்றதாக நினைக்கவில்லை. முன்பு வரப்பு போன வழியில்தான் இன்றும் நடப்பார். அந்த வரப்பு இப்போது ஹஃபீசாவின் சமையலறை வழியாகப் போகிறது. தினம் காலை ஆறரைக்கு வாசல் வழியாக உள்ளே வந்து, இரண்டு வார்த்தை பேசிவிட்டு, புழக்கடைக் கதவு வழியாக மாட்டுக்கொட்டகைக்குப் போவார். பல நாள், ஆபீஸ் தவிர்த்து ஹஃபீசாவிடம் பேசிய ஒரே ஆள் அவர்தான்.

இரண்டாயிரத்து எட்டில், முதாசிர் வேலை பார்த்த துபாய் கம்பெனி பிம் என்ற முறைக்கு மாறியது. கட்டடத் தகவல் மாதிரியாக்கம் என்று அதற்கு நீளமான பெயர் உண்டு. சொல்லி முடிப்பதற்குள் ஒரு மாடி கட்டிவிடலாம் என்பதால் எல்லோரும் பிம் என்றார்கள். அதுவரை கம்ப்யூட்டரில் வரைவது என்றால் கோடு. இரண்டு கோடு பக்கத்தில் பக்கத்தில் போனால் சுவர் என்று மனிதர்கள் புரிந்துகொள்வார்கள். கோட்டுக்குத் தான் சுவர் என்று தெரியாது. பிம்மில் சுவருக்குத் தெரியும். தன் உயரம் என்ன, எந்த மாடியில் நிற்கிறோம், தன் வயிற்றில் எத்தனை ஜன்னல், எல்லாம் அதற்கு அத்துப்படி. சுவரை எடுத்தால் ஜன்னலும் கூடவே போய்விடும். பிளானில் ஓர் இடத்தில் மாற்றினால் மற்ற எல்லாப் படங்களிலும் தானாக மாறும்.

முழுக் கட்டடத்தையும் இங்கே கட்டிக்கொள்கிறோம், அதிலிருந்து தாள் தாளாக வரைபடம் எடுக்கும் வேலையை என் பழைய முதலாளியிடம் கொடுங்கள், தாம்பரத்தில் நன்றாகச் செய்வார்கள் என்று முதாசிர்தான் தன் கம்பெனியில் சொன்னார். வைத்தீஸ்வரன் உடனே சரி என்றார். பிம் என்றால் என்ன என்பதை அதற்குப் பிறகுதான் விசாரித்தார். வேளச்சேரியில் அதைப் படித்துவிட்டு வந்த பல்லாவரத்துப் பையன் பாலுவை வேலைக்கு எடுத்து, “யார் கத்துக்கறேள்?” என்று ஆபீசில் கேட்டார். முதலில் கை தூக்கியவள் ஹஃபீசா. புருஷன் வேலை செய்யும் அதே கட்டடத்துக்குள் தானும் போகலாம் என்று அவளுக்குப் பட்டது. அதை யாரிடமும் சொல்லவில்லை.

“அக்கா, இது இன்னா பண்ணி வச்சிருக்கீங்க?” என்றான் பாலு, முதல் வாரத்தில்.

“ரெண்டு சுவரும் மூலைல சேரல பாலு. ஒரு கோடு போட்டு மூடிட்டேன்.”

“மூடறதா. இதுல அந்த வேலையே ஆவாது. பிளான்ல மூடினீங்கன்னா, குறுக்கால வெட்டிக் காட்டற செக்‌ஷன்ல காட்டிக் குடுத்துடும். தோ பாருங்க, பூனை பூந்து போற மாதிரி சந்து.”

“இவ்ளோ சின்ன சந்து யாருக்குத் தெரியப் போவுது?”

“அதுக்குத் தெரியும்க்கா. அது போதாதா?”

பதினாறு வருஷத்துக் கை அது. ஒரு தப்பு தெரிந்தால் அழகாக ஒரு கோடு போட்டு மூடுவதுதான் அதுவரை தொழில் சுத்தம். இப்போது மூட முடியவில்லை. குளியலறை ஒன்றை இரண்டாம் மாடிக்குப் பதிலாக ஒன்பதாம் மாடி உயரத்தில் போட்டுவிட்டாள். பயிற்சிக் கட்டடமோ மூன்றே மாடி. குளியலறை வெறும் ஆகாசத்தில் தொங்கிற்று. பாலு அதை அழிக்கவிடாமல் மூன்று நாள் வைத்திருந்து வருகிறவர்களுக்கெல்லாம் காட்டினான். தபால்காரர் வெகுநேரம் பார்த்துவிட்டு, அதற்குத் தண்ணீர் எப்படி ஏறும் என்று கேட்டார். நவம்பர் மழையில் முடிச்சூர் ரோட்டில் முழங்கால் தண்ணீர். செருப்பைக் கையில் பிடித்து வந்து உட்கார்ந்தால் கரண்ட் போகும். பேட்டரி கீ கீ என்று கத்தும். இரண்டு மணி நேரத்து வேலை கரைந்துவிடும். அந்த மாதம் ஒரே கழிப்பறையைப் பதினோரு தடவை கட்டினாள். டிசம்பரில் அவள் எடுத்து அனுப்பிய தாள்களில் துபாய்க்காரர்கள் சிவப்பு மை வைப்பதை நிறுத்திவிட்டார்கள்.

பத்துப் பேர் ஒரே கட்டடத்துக்குள் ஒரே நேரத்தில் வேலை செய்ய அதில் ஒரு முறை உண்டு. ஒருவர் ஒரு சுவரைத் தொட்டு மாற்ற ஆரம்பித்தால் அது அவர் பெயருக்குப் போய்விடும். வேறொருவர் அதைத் தொட்டால் திரையில் ஒரு பெட்டி வந்து, இது இன்னாரிடம் இருக்கிறது, அவரிடம் கேளுங்கள் என்று சொல்லும். சாயங்காலம் எழுந்திருக்கும்போது பிடித்ததையெல்லாம் விட்டுவிட்டுப் போக வேண்டும். விடாமல் போனால் மறுநாள் மற்றவர்கள் கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டியதுதான்.

துபாயிலிருந்து தினம் பகல் ஒரு மணிக்குக் கட்டடத்தின் நகல் வரும். அங்கே அப்போது பதினொன்றரை, வேலை நடுவில். அதனால் யார் எதைப் பிடித்துக்கொண்டிருக்கிறார்களோ அவர்கள் பெயரும் ஒட்டிக்கொண்டே வந்துவிடும். ஹஃபீசா சோற்று டப்பாவைத் திறக்குமுன் ஒவ்வொரு மாடியாகத் தொட்டுப் பார்ப்பாள். ‘இது முதாசிரிடம் இருக்கிறது’ என்று பெட்டி வரும் இடத்தில் நிற்பாள். திங்கட்கிழமை ஒன்பதாம் மாடிக் கழிப்பறை. செவ்வாய்க்கிழமை பன்னிரண்டாம் மாடி லிஃப்ட் முகப்பு. சரி என்று அழுத்திவிட்டுச் சாப்பிடுவாள். வளைகுடாவில் புருஷனை வைத்திருக்கும் பெண்கள் முடிச்சூரில் இருபது பேராவது இருப்பார்கள். அவன் இந்த நேரத்தில் எந்த மாடியில் எந்தச் சுவரண்டை நிற்கிறான் என்று அங்குலக் கணக்கில் சொல்லக்கூடியவள் இவள் ஒருத்திதான்.

“உன் வூட்டுக்காரு இப்ப எங்க கீறாரு?” என்பார் கங்கையம்மாள், சமையலறையைக் கடந்துகொண்டே.

“நேத்து பதிமூணாம் மாடிக்கா.”

“போன வாரம் ஒம்பதுன்ன?”

“வேலை ஏறிக்கினே போவுது.”

“இன்னா வேலையோ. அம்மாம் ஒசரத்துல நின்னுக்கினே கீறாரே, பித்தம் ஏறாதா? எலுமிச்சங்கா தண்ணி குடிக்கச் சொல்லு.” முதாசிர் துபாயில் ஏதோ ஒரு மாடியின் விளிம்பில் வேட்டி பறக்க நின்றுகொண்டிருப்பதாகவே அவர் கடைசிவரை நினைத்தார்.

பிப்ரவரி முதல் வாரத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை, முதாசிர் பதினாலாம் மாடிப் படிக்கட்டில் இருந்தார். பதினெட்டுப் படியில் ஏழு போட்டிருந்தார். புதன்கிழமையும் அங்கேயே இருந்தார், அதே ஏழு. வியாழக்கிழமையும் ஏழு. ஒரு நாளில் ஒரு மாடியை முடிக்கிற மனுஷர். காய்ச்சலோ என்று நினைத்தாள். காய்ச்சல்காரர் முந்தின சாயங்காலமே விட்டுவிட்டுத்தானே போயிருப்பார் என்று உடனே தோன்றியது.

வெள்ளிக்கிழமை அங்கே விடுமுறை. ஜும்மா முடித்து மூன்று மணி சுமாருக்கு அவர் போன் வரும். அவள் ஆபீஸ் மொட்டைமாடிக்குப் போய்ப் பேசுவாள்.

“நல்லா இருக்கியா?”

“இருக்கேன். நீங்க?”

“எனக்கென்ன. வேலைதான் நிமிர விடல.”

“இப்ப எந்த மாடி?”

“பதினேழு. லிஃப்ட் பக்கம் பார்த்துக்கினு இருக்கேன்.”

பதினேழாம் மாடி பினோய் என்ற ஒருவர் பெயரில் இருந்தது. முந்தின நாள்தான் பார்த்திருந்தாள்.

“படி முடிஞ்சுதா?”

“எந்தப் படி?”

“சும்மா கேட்டேன்,” என்றாள். கீழே யாரோ கால் கிலோ மிக்சர் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

கீழே இறங்கி வந்து பாலுவிடம் பொதுவாகக் கேட்பதுபோலக் கேட்டாள். “ஒருத்தர் பேர்ல நாலு நாளா ஒரே இடம் நின்னுக்கினு இருந்தா என்னா அர்த்தம் பாலு?”

“விடாம போய்ட்டாருன்னு அர்த்தம்.”

“மறுநாள் வந்து விடலாமே.”

“மறுநாள் வந்தா விடுவாரு. வரலைன்னா?” என்றவன், அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, “அங்க நெட்டு சரியில்லாம இருக்கும்க்கா,” என்று முடித்தான்.

திங்கட்கிழமை வைத்தீஸ்வரன் கீழ்க்கடையிலிருந்து அரைக் கிலோ மைசூர்பாகோடு படியேறி வந்தார். பதினாறு வருஷத்துக்கு மேலாக அந்த வாசனையிலேயே உட்கார்ந்திருந்தும் ஒரு துண்டு வாங்கியிராத மனிதர்.

“ஹஃபீசா, இனிமே முழு டவரும் நமக்குத்தாம்மா. மூலக் கோப்பையே அனுப்பிட்டா. அங்க வரையறதுக்கு ஆள் வேண்டாமாம்.”

“அங்க இருந்தவங்க சார்?”

“குறைச்சுட்டாளாம். எட்டுப் பேர். ஊரெல்லாம் நெருக்கடின்னு பேப்பர்ல வர்றதே. முதாசிர் சீனியர், அவனைத் தொடமாட்டா. நம்ம தாள் எல்லாம் பார்த்துட்டுத்தான் இந்த முடிவாம். உன் பேரைப் போட்டே எழுதியிருக்கா, பாரு.”

அவள் பார்த்தாள். பெயர் சரியான எழுத்துகளில்தான் இருந்தது. கையிலிருந்த மைசூர்பாகை வாயில் போட்டுக்கொண்டாள். போட்டுக்கொள்ளாவிட்டால் ஏன் என்று கேட்பார்கள். தான் கற்றுக்கொண்ட வேலைதான் முதாசிருடைய நாற்காலியைத் தூக்கியிருக்கிறது என்பதை அதைக் கரைத்து விழுங்குகிற நேரத்துக்குள் புரிந்துகொண்டாள். ஆபீசில் எல்லோரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

வேலை போனால் விசா ரத்து. ரத்தானால் முப்பது நாள். இது வளைகுடாக்காரர் வீட்டில் கைக்குழந்தைக்கும் தெரியும். செவ்வாயிலிருந்து எண்ணினால் மார்ச் ஐந்து. அதற்கு மேல் அங்கே இருந்தால் ஒளிந்துதான் இருக்க வேண்டும். அடுத்த தெரு அப்பாதுரையின் மருமகன் அப்படித்தான் ‘ஒரு மாசம் பார்த்துட்டு வரேன்’ என்று நின்றான். நாலு வருஷமாகிறது, போனும் இல்லை. அப்பாதுரை இன்னும் பெருங்களத்தூர் பஸ் ஸ்டாப்பில் பெட்டியோடு இறங்குகிறவர்களை முகம் முகமாகப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்.

அந்த வாரம் ஹஃபீசா யாரோடும் மனம்விட்டுப் பேசவில்லை. பேச ஆள் இல்லாமலில்லை. சொல்ல ஆள் இல்லை. அக்கா தங்கைகளிடம் சொன்னால் ஊருக்குத் தெரியும், ஊருக்குத் தெரிந்தால் அவருக்குத் தெரியும், அவருக்குத் தெரிந்தால் வெட்கப்பட்டு வெள்ளிக்கிழமை போனையும் நிறுத்திவிடுவார். வீட்டில் தண்ணீர் மோட்டாரைப் போட்டுவிட்டு அது ஓடுகிற சத்தத்தைக் கேட்டபடி உட்கார்ந்திருப்பாள். தொட்டி நிரம்பி மொட்டைமாடியில் வழிந்து தூண் கம்பிகளின் துரு கரைந்து சுவரில் சிவப்பாக இறங்கும். அப்புறம்தான் எழுந்து அணைப்பாள்.

“இன்னாமா, மூஞ்சி தொங்கிக்கினு கீது?” என்றார் கங்கையம்மாள். “அவரு எந்த மாடி?”

“பதினாலு.”

“போன வாரமும் அத்தான சொன்ன?”

“அங்கயேதான் இருக்காரு.”

கங்கையம்மாள் முதல் தடவையாகச் சமையலறை நடுவே நின்றார். “மாட்டிக்கினாரா?” என்றார். ஹஃபீசா ஆமாம் என்று தலையாட்டினாள். “பேஜாருதான்,” என்று சொல்லிவிட்டுக் கங்கையம்மாள் மாட்டுக்குப் போனார்.

அதற்குள் ஆபீசில் படிக்கட்டு வேலை கழுத்தைப் பிடித்தது. அந்தக் கட்டடம் பதினாலாம் மாடியிலிருந்து உள்வாங்கி மெலிகிறது. படியும் அங்கே இடம் மாறுகிறது. அந்தப் படி முடிந்தால்தான் மேலே எட்டு மாடிக்கும் வரைபடம் எடுக்கலாம். பாலு தொட்டுப் பார்த்தான். பெட்டி வந்தது.

“அக்கா,” என்றான் மெதுவாக. “அண்ணன் பேரு.”

“தெரியும்.”

“வேற வழி இருக்குது. பேரு போடற கட்டத்துல அவரு பேரைப் போட்டு உள்ள போனா, அவருதான்னு நம்பிடும். விட்டுடலாம். ரெண்டு நிமிஷ வேலை.”

“பண்ணாத.”

“சார் கேக்கறாருக்கா.”

“பாலு, அவரு எங்க இருக்காருன்னு எனக்குத் தெரியற ஒரே இடம் அது. வெள்ளிக்கிழமை வரைக்கும் இரு.”

பாலு கீபோர்டிலிருந்து கையை எடுத்துக்கொண்டான்.

வெள்ளிக்கிழமை மூன்று பத்துக்கு போன் வந்தது. வெயில் மொட்டைமாடியில் உருகிய தார்போலக் கிடந்தது. தண்ணீர்த் தொட்டி நிழலில் நின்றுகொண்டாள்.

“எந்த மாடி?” என்றாள்.

“பத்தொம்பது.”

“நீங்க பதினாலாம் மாடிப் படியில இருக்கீங்க. பத்து நாளா.”

அந்தப் பக்கம் வண்டிகள் போகும் சத்தம் கேட்டது. ரோட்டோரத்தில் நின்று பேசுகிறார்.

“பதினெட்டுல ஏழு போட்டிருக்கீங்க. எட்டாவது படி இல்ல.”

வண்டிகள் போய்க்கொண்டிருந்தன.

“ஏங்க.”

“பதினோரு மணிக்குக் கூப்ட்டாங்க,” என்றார் முதாசிர். “எட்டுப் பேரு. ஆளுக்கு அஞ்சு நிமிஷம். திரும்பி சீட்டுக்கு வந்தா ஸ்கிரீன் பூட்டியிருக்கு. பக்கத்துல செக்யூரிட்டி நிக்கறான். என் டீ கப்பை மட்டும் எடுத்துக்கலாம்னான். ஒரு நிமிஷம் குடுப்பா, புடிச்சதை விட்டுட்டு வரேன்னேன். அவனுக்கு அது என்னன்னு தெரியல. இத்தினி வருசத்துல நான் வேலைய பாதில விட்டு எழுந்ததே இல்ல ஹஃபீ.”

“தெரியும்.”

“மூலக் கோப்பு எங்க இருக்கு இப்ப?”

“இங்கதான்.”

“யாரு பார்க்கறது?”

“நானும் பாலுவும்.”

“போன மாசம் மீட்டிங்ல உன் தாளைத்தான் திரையில போட்டுக் காட்டினாங்க,” என்றார். “தாம்பரத்துலேர்ந்து வருது, பாருங்க, ஒரு தப்பு இல்லன்னு. எனக்குப் பெருமை தாங்கல. நான்தான் முதல்ல கை தட்டினேன். அப்புறம் எல்லாரும் தட்டினாங்க. ரெண்டே வாரம், கூப்ட்டுட்டாங்க.”

தொட்டியின் குழாய் சொட்டிக்கொண்டிருந்தது, அதை இறுக்கினாள்.

“வாங்க,” என்றாள்.

“வந்து?”

“வந்து இருங்க.”

“ஷார்ஜால ஒருத்தன்கிட்ட சொல்லி வச்சிருக்கேன். ஒரு மாசத்துல சொல்றேன்னான்.”

“அப்பாதுரை மருமவனுக்கும் அதான் சொன்னாங்க. உங்களுக்கு இன்னும் இருபதே நாள்தான்.”

“மாடி கட்டிட்டு வரேன்னு போனவன். கம்பி நீட்டிக்கினு நிக்கற வூட்ல வந்து நின்னா கங்கையம்மா என்ன கேப்பாங்க?”

“அந்தம்மா நீங்க மாடியில மாட்டிக்கினு நிக்கறதா நெனச்சிக்கினு இருக்காங்க. எறங்கிட்டாருன்னு சொல்லிக்கலாம்.”

அவர் சிரித்தாரா என்று சரியாகத் தெரியவில்லை. பிறகு தொழில் குரலில் பேசினார். “சரி. அந்தப் படியை விட்டுடு. பேரு இருக்கற கட்டத்துல என் பேரைப் போடு. எல்லாம் சின்ன எழுத்து.”

“தெரியும். பாலு சொன்னான்.”

“அப்ப விட வேண்டியதுதான?”

“விடமாட்டேன்.”

“என்ன ஹஃபீ.”

“நீங்க புடிச்சது. நீங்க வந்து விடுங்க. அதுவரைக்கும் யாரும் தொட வேணாம்.”

“வைத்தீஸ்வரன் சார் கத்துவாரு.”

“கத்தட்டும்.”

“இங்க சைட்ல கான்கிரீட் நின்னு போயிடும்.”

“நிக்கட்டும்.”

“உன் வேலை போயிடும்.”

“போனா ரெண்டு பேரும் வூட்ல இருப்போம்.”

கார்டில் காசு தீர்ந்து போன் நின்றது. அவள் கீழே வந்து தன் இடத்தில் உட்கார்ந்தாள்.

அன்றிலிருந்துதான் அந்தப் பதிமூன்று நாள். பாலு, பிம்மில் பொய்யே சொல்ல முடியாது என்று பாடம் எடுத்தவன், தினம் ஒரு பொய் சொன்னான். முதல் நாள் சர்வர் சூடாகிவிட்டது என்றான். வைத்தீஸ்வரன் வீட்டிலிருந்து மேஜை ஃபேன் கொண்டுவந்து அதற்கு வைத்தார். மூன்றாம் நாள், பதினாலு என்பது பதிமூன்றுக்கு அடுத்தது என்பதால் சாஃப்ட்வேர் தயங்குகிறது என்றான். அவர் திங்கட்கிழமை கம்ப்யூட்டருக்கு எலுமிச்சம்பழம் சுற்றி ரோட்டில் போட்டார். அதன்மேல் மூன்று ஷேர் ஆட்டோ ஏறி இறங்கியும் அது நசுங்கவில்லை, அவ்வளவு திருஷ்டி. துபாயிலிருந்து தினம் கடிதம் வந்தது. கொத்தனார்கள் கொத்துக்கரண்டியும் கையுமாகப் பதிமூன்றாம் மாடியில் உட்கார்ந்து அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்ததாகக் கேள்வி. அந்த நாளில் துபாயில் பாதிக் கட்டடங்கள் தாமாகவே நின்றிருந்தன என்பது வேறு விஷயம்.

பத்தாம் நாள் வைத்தீஸ்வரன் ஹஃபீசாவைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். “எனக்குத் தெரியும்மா,” என்றார். “முதாசிர் பேர் வர்றதை நானே தொட்டுப் பார்த்தேன். அவனும் அந்த எட்டுல ஒருத்தனா?”

“ஆமாம் சார்.”

“வரானா?”

“தெரியல சார்.”

போன வெள்ளிக்கிழமை போன் வரவில்லை என்பதை அவள் சொல்லவில்லை. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “மாசக் கடைசி வரைக்கும்தான் தாக்குப் பிடிக்க முடியும். அப்புறம் நானே அவன் பேரைப் போட்டு விட்டுடுவேன். என்னையும் எட்டோட ஒம்போதாக்கிடாதே.”

“சரி சார்,” என்றாள்.

அடுத்த இரண்டு நாளும் பகல் ஒரு மணிக்கு டப்பாவைத் திறக்காமல் அந்தப் படியைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். ஏழு படி ஏறினால் ஒன்றுமில்லை. நேரே கீழே பதிமூன்று மாடிப் பள்ளம்.

வியாழக்கிழமை பகல் பதினொன்றரைக்கு, நைலான் கயிறு கட்டிய அட்டைப்பெட்டி ஒன்று இனிப்புக்கடைப் படியில் தட்டித் தட்டி ஏறி வந்தது. பின்னால் முதாசிர். தலை பாதி நரைத்திருந்தது. திரிசூலத்தில் ரயிலேறித் தாம்பரத்தில் இறங்கி, வீட்டுக்குப் போகாமல் நேரே வந்திருந்தார். ஹஃபீசா எழுந்தாள். மூன்று வருஷம் கழித்துப் பார்க்கிறாள். இருபது ஜோடிக் கண் பார்த்துக்கொண்டிருந்ததால், “சாப்ட்டீங்களா?” என்று மட்டும் கேட்டாள்.

“பிளேன்ல குடுத்தாங்க.”

“வாப்பா,” என்றார் வைத்தீஸ்வரன், அறையிலிருந்து எட்டிப்பார்த்து. “உன் படி என் உயிரை எடுத்துடுத்து.”

முதாசிர் அவள் நாற்காலியில் உட்கார்ந்தார். பெயர்க் கட்டத்தில் இருந்த அவள் பெயரை அழித்துவிட்டுத் தன் பெயரைப் போட்டார், எல்லாம் சின்ன எழுத்தில். படியைத் தொட்டார். பெட்டி வரவில்லை. எட்டாவது படி போட்டார். ஒன்பது, பத்து. நடுவில் ஒரு திருப்பத்தில் நிறுத்தி, “இந்த மேடை ஆயிரத்து இருநூறு மில்லிமீட்டர் வைக்கணும். ஆயிரம் வச்சா கட்டில் திரும்பாது,” என்றார். “ஆமா,” என்றாள். பாலு பின்னால் நின்று பார்த்தான். பதினெட்டும் முடிந்ததும் ஒரு தடவை ஏறி இறங்கிப் பார்ப்பதுபோலத் திரையைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். பிறகு விட்டார். மேலே எட்டு மாடியிலும் படிகள் சரசரவென்று தாமாக வந்து நின்றன.

பெயர்க் கட்டத்தில் தன் பெயரை அழித்து, ஒவ்வோர் எழுத்தாகத் தட்டி அவள் பெயரைப் போட்டார். எழுந்தார். வைத்தீஸ்வரன் அவர் தோளில் கை வைத்து, “இப்போதைக்கு இடம் ஒண்ணும்...” என்று ஆரம்பித்தார்.

“தெரியும் சார்,” என்றார் முதாசிர். “நான் கேக்க வரல.”

சாயங்காலம் வரை வாசல் பெஞ்சில் அட்டைப்பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். அவள் ஆறு மணிக்குக் கிளம்பினாள். ஷேர் ஆட்டோவில் பெட்டிக்கு ஓர் ஆள் சார்ஜ் என்றான் டிரைவர். இன்னும் ஒரே ஆள் என்றும் சொன்னான். ஏறிக்கொண்டார்கள். பெட்டி இருவருக்கும் நடுவில் இருந்தது. காய்கறிக் கடைகளில் விளக்குப் போட்டுவிட்டார்கள். ஆறு வருஷமாக வெள்ளிக்கிழமைதோறும் கால் மணி நேரம் பேசிப் பழகியவர்களுக்கு, பக்கத்தில் உட்கார்ந்து எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை.

“நாளைக்கு நீ எத்தினி மணிக்குக் கெளம்பணும்?” என்றார் முதாசிர்.

“எட்டே கால்.”

“அங்க ரூம்ல நான்தான் சமைப்பேன். நாலு பேருக்கு. நல்லா இருக்கும்னுவாங்க.” பெட்டியின் கயிற்றைச் சரிசெய்தார். “மத்தியான டப்பாவுக்கு நாளைக்கு நான் செஞ்சு தரேன். உனக்கு என்ன வேணும், சொல்லு.”

ஹஃபீசா யோசித்தாள். இத்தனை வருஷம் அவள் டப்பாவில் போனது என்ன என்று அவளுக்கு நினைவிருந்தது: எது மிச்சமோ அது. தனக்கு என்ன பிடிக்கும் என்று யோசித்தாள். ஆட்டோ கிருஷ்ணா நகரைத் தாண்டியது. அவர் பதிலுக்காக அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பழைய பெருங்களத்தூரும் போயிற்று. அவளுக்கு ஞாபகம் வரவில்லை.